இரண்டு குழி பிடிக்கும் சில்லு

டிணுக் என்று ஒரு சத்தம். குங்குமச் சிமிழுக்கு மூடி பொருந்தும்போது வருமே, அந்த அளவுதான். ஆனாலும் மீன்பிடித் தடைக்காலத்து மதியங்களில், வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்க, கடலும் யாரையும் கூப்பிடாமல் தன்பாட்டுக்குக் கிடந்த அந்த அமைதியில், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கித்தேரியின் மகள் பெல்சியா கைப்பேசியில் விளையாடும்போது எழுந்த அந்தச் சத்தம் கூனித்துறை முழுவதற்கும் கேட்டது. இத்தனை வருடம் கழித்தும் என் காது அதை வேறெந்தச் சத்தத்தோடும் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறது.

அந்த விளையாட்டில், கடலில் மூழ்கிப்போன ஒரு நகரத்துக்குள் கையளவு உருவம் ஒன்று தனியாக நடந்து திரியும். போகிற வழியில் சில்லுகள் கிடைக்கும். ஒரு சில்லு மூச்சைக் கூட்டும், ஒன்று கலங்கிய தண்ணீரில் பார்க்க வைக்கும், ஒன்று அந்தரத்தில் இன்னொரு முறை எம்ப வைக்கும். ஆனால் அந்த உருவத்தின் கையில் மூன்றே குழிகள். ஒவ்வொன்றும் பதியும்போதுதான் அந்த டிணுக். மூன்று சில்லுக்குமேல் பதிக்க முடியாது. ஏதாவது ஒரு பெஞ்சைக் கண்டு உட்கார்ந்தால்தான் மாற்றவும் முடியும். எழுந்துவிட்டால் எதைப் பதித்தாயோ அதோடுதான் அடுத்த இருட்டுக்குள் இறங்க வேண்டும். பெல்சியா சண்டை போடுவதைவிட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வாள்.

"அதைக் கழத்தி இதை மாட்டி, இதைக் கழத்தி அதை மாட்டி, நகைக்கடையில நிக்கிறவ மாதிரி என்னடி பண்ற" என்பாள் கித்தேரி, கடற்பாசி அள்ளும் சாக்கைத் தைத்தபடி.

"எதை விட்டுட்டுப் போறதுங்கிறதுதாம்மா இந்த விளையாட்டே" என்பாள் பெல்சியா.

தடைக்காலம் முடிந்து பாசிக்குப் போன முதல் நாள், விரல்களில் துணி சுற்றி, புடவைக்குமேல் ஆண்கள் சட்டை போட்டு, இடுப்பில் வலைப்பை கட்டி முங்கி எழுந்த பெண்கள் கரையேறிச் சாக்கை உதறியபோது, மரிக்கொழுந்துப் பாசிக்கு நடுவிலிருந்து புளியங்கொட்டை அளவில் சில்லுகள் கொட்டின, பச்சையாக, ஊதாவாக, பழுத்த நாவல் நிறத்தில். அன்று காலையில் எழுந்தபோதே ஊரில் எல்லாருடைய இடது முன்கையிலும் அம்மை குத்திய தழும்பு போல மூன்று குழிகள் இருந்தன. பால்குடிப் பிள்ளைக்கும் இருந்தது, இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்த சவரிமுத்துவுக்கும் இருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. உப்புக்காற்றில் தோலுக்கு என்னென்னவோ வரும். சோறு வடிக்க நேரமாகிவிட்டதால் வடிக்கப் போனார்கள்.

பெல்சியாதான் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து சில்லுகளை இனம் பிரித்தாள். இது நெடுமூச்சு, இது மீன்கண், இது கல்தோல், பாறையில் உரசினாலும் கிழிக்காது, இது இரட்டைத் தாவல், இது காந்தம், சிதறிக் கிடப்பதெல்லாம் உன்னிடம் வரும். பெண்கள் அங்கேயே கையில் அழுத்திப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. "பெஞ்சில உக்காரணும் சித்தி" என்றாள். ஊரில் பெஞ்சு என்று இருந்தது ஒன்றே ஒன்று, பேருந்து நிழற்குடையில், யாருடைய நிதியிலோ கட்டி அவர் பெயர் உதிர்ந்துபோன சிமெண்டுப் பெஞ்சு. ஈரப் புடவையோடு பதினாறு பெண்கள் அங்கே போய் வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள். டிணுக், டிணுக், டிணுக் என்று அந்த மதியம் முழுவதும் கேட்டது.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்கென்று ஒழுங்குகள் செய்துகொண்டது. காலையில் பெஞ்சு பாசிக்குப் போகும் பெண்களுக்கு, பதினொன்றுக்குமேல் வள்ளக்காரர்களுக்கு, பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கு, அதுவும் பெரியவர்கள் கூட வந்தால்தான். பேருந்து வந்து நிற்கும், இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரும் ஏறமாட்டார்கள், நடத்துநர் தலையில் அடித்துக்கொண்டு விசில் ஊதுவார். டீக்கடை ஸ்தேவான் காந்தத்தைப் பதித்துக்கொண்டு காலி டம்ளர்களை இருந்த இடத்திலிருந்தே வரவழைத்தார், கூடவே பக்கத்து மேசைக்காரரின் வடையும் வந்தது. மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை இரட்டைத் தாவலில் மணிக்கூண்டுக்கு ஏறினார். மாமியார்கள் மீன்கண் போட்டுக்கொண்டு மருமகள்களைப் பார்த்தார்கள், மருமகள்கள் கல்தோல் போட்டுக்கொண்டார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது கையில் சில்லு இருக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, மூக்குக்கண்ணாடி இருக்கலாம் என்றால் அதுவும் இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

சிக்கல் வந்தது கழற்றுவதில். விளையாட்டில் யாருக்கு எது வேண்டாமோ அவரே எடுத்துவிடலாம். ஆனால் இங்கே தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பதித்துவிட்ட நெடுமூச்சைப் பிள்ளைகள் கழற்றிச் சில்லாட்டம் ஆடித் தொலைத்தார்கள். உபதேசியார் தொம்மை, பள்ளிவாசல் லெப்பை, மாரியம்மன் கோயில் பூசாரி மூவரும் ஸ்தேவான் கடையில் கூடி, வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். தாயத்துக்கு என்ன முறையோ அதுதான் இதற்கும். போட்ட கைதான் எடுக்க வேண்டும்.

"கேம்ல அப்படி இல்ல தாத்தா" என்றாள் பெல்சியா.

"இது கேம் இல்லையேத்தா, கூனித்துறை" என்றார் தொம்மை.

மறுநாளிலிருந்து சில்லுகள் அப்படியே கேட்டன. பதித்த கையைத் தவிர வேறெந்தக் கை பட்டாலும் ஈரச் சோப்பைப் போல விரல் வழுக்கியது. எங்களுக்கு அதில் வியப்பில்லை. எங்கிருந்து வந்த பொருளானாலும் வந்த ஊரின் முறைக்கு அடங்கித்தானே ஆக வேண்டும்.

கித்தேரி தன் மூன்று குழிகளில் நெடுமூச்சு, மீன்கண், கல்தோல் என்று பதித்தாள், பதித்ததை மாற்றவே இல்லை. முப்பத்தெட்டு வயதில் அவளைப் போல ஆழம் போகிறவள் அந்தக் கரையில் கிடையாது. அவள் கணவன் பிலவேந்திரன் ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை விடியலில், குழம்பில் உப்பில்லை என்று தொடங்கி வேறெங்கோ போய்விட்ட ஒரு சண்டையின் முடிவில், வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். எங்கள் பக்கம் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் வர்றேன், கடலுக்குப் போனாலும் வர்றேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதும் வாய் குழறி வர்றேன். மூன்றாம் நாள் அவனுடைய வள்ளம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு கித்தேரி முன்னால் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட விளையாட்டில் கோபித்துக்கொண்டு போகும்போது கை காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

நீலமாக ஒரு சில்லு, ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, ஸ்தேவானுக்கு. மற்றவற்றைவிட நீளமாக, கிளிஞ்சல் போல வளைந்து இருந்தது. "இதுக்குப் பேரு திரும்பல் மாமா, ரெண்டு குழி பிடிக்கும்" என்றாள் பெல்சியா. என்ன செய்யும் என்று கேட்டதற்கு, விளையாட்டில் அதை அவள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றாள். ஸ்தேவான் பதித்துக்கொண்டார். அந்த ஞாயிறு மைத்துனன் வீட்டுப் பால்காய்ப்புக்குத் தூத்துக்குடி கிளம்பினார், மனைவி ரெஜினாள் பின்னால் வருவதாக ஏற்பாடு. பேருந்து ஏறினார், சன்னலோரம் உட்கார்ந்தார், உப்பளத்துப் பாலத்தைப் பேருந்து தாண்டியதும் கையில் டிக்கெட்டோடும் மடியில் பழப்பையோடும் நிழற்குடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த பேருந்திலும் அப்படியே. நான்காவது பேருந்தில் நடத்துநர், "யோவ், உனக்குப் போக மனசிருக்கா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

"எங்கண்ணன் வீட்டு விசேஷம்னா மட்டும் இவருக்கு இந்த வித்தையெல்லாம் வரும்" என்றாள் ரெஜினாள்.

பெல்சியா வந்து பார்த்தாள். "மாமா, கெளம்பும்போது அத்தைகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்லுவேன். வர்றேன்னு சொன்னேன்."

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையுந்தான்."

"அதான். அது நம்பிருச்சு."

அந்த விளையாட்டைச் செய்தவர்கள், போகும்போது போகிறேன் என்றே சொல்கிற ஏதோ ஒரு தூரத்து ஊரில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் செய்த பொருளுக்கு எங்கள் பேச்சின் நெளிவு தெரியவில்லை, சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டது. ஸ்தேவான் அதைக் கழற்றி, இரண்டு மீன்கண்ணுக்குக் கித்தேரியிடம் மாற்றிக்கொண்டார். அவள் எதற்காக அதைக் கேட்டாள் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், ஆனால் கேட்கவில்லை.

பெல்சியாவுக்கு அப்போது பத்தொன்பது. தொழிற்பயிற்சியில் வெல்டிங் முடித்து, தண்ணீருக்கடியில் கப்பலின் அடியைப் பற்றவைக்கும் படிப்புக்கு விசாகப்பட்டினத்தில் இடம் கிடைத்திருந்தது. கடிதத்தில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ராமநாதபுரத்தில் ரயில் கிடைக்காது, ரயில் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கிடைக்காது. அதனால் அவள் காலை பதினொரு மணிப் பேருந்துக்கே பையோடு வந்துவிட்டாள். முதல் நாளே பெஞ்சில் உட்கார்ந்து தன் மூன்று சில்லுகளையும் கழற்றித் தோழிகளுக்குக் கொடுத்திருந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்ட அவளுடைய முன்கையில் மூன்று குழிகளும் காலியாக இருந்தன, ஊரிலேயே அப்படி இருந்த ஒரே கை.

கித்தேரி மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தலைவாரினாள், பின்னலை இறுக்கினாள், அந்தோணியார் கோயில் எண்ணெயை நெற்றியில் இட்டாள், கழுத்தில் தடவினாள், பிறகு இடது கையில் மேலிருந்து கீழாக மெதுவாகத் தேய்த்துவிட்டாள். பேருந்து திருப்பத்தில் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது, அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

"வர்றேம்மா" என்றாள் பெல்சியா. எங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஏறினாள், சன்னல் வழியே கையசைத்தாள். பேருந்து பாலத்தைத் தாண்டிப் புழுதி அடங்குவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பையோடு, கை பாதி அசைத்தபடி.

அவள் கத்தவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய்ப் பளபளப்புக்கு அடியில் இரண்டு குழிகளை நிறைத்துக்கொண்டு நீலமாகக் கிடந்தது அது.

"எடும்மா."

"எடுக்க மாட்டேன்" என்றாள் கித்தேரி. ரகசியமாகச் சொல்லவில்லை, ஊர் கேட்கத்தான் சொன்னாள். "நான்தான் போட்டேன். எடுக்க மாட்டேன். இங்க இல்லாத தண்ணியா அங்க இருக்கு?"

"இங்க கப்பல் இல்லையேம்மா."

தொம்மை பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வந்து தன் விரலால் நெம்பிப் பார்த்தார், வழுக்கியது. "போட்ட கைதான் எடுக்கணும்னு சொன்ன வாய் இதுதான உபதேசியாரே, இப்ப கையை விட்டு எதுக்குத் தடவுறீங்க" என்றாள் ரெஜினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஒன்றரை மணிப் பேருந்துக்குப் பெல்சியா ஒரு யோசனை செய்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், எல்லாரையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறினாள். நல்ல யோசனைதான். ஆனால் படியில் நின்றிருந்த நடத்துநர், காலை வண்டியில் அவள் ஏறிக் காணாமல்போனதைப் பார்த்தவர், "என்னம்மா, இந்தத் தடவையாவது வர்றியா, இல்ல எறங்கிருவியா" என்று கேட்டார். "வர்றேண்ணே" என்றது அவள் வாய். பாலம் தாண்டியதும் பெஞ்சு.

நாங்கள் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். கித்தேரி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தாளுக்குப் பதில் சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றார் ஸ்தேவான். "மூணு மணி வண்டியில வாயத் தொறக்காமப் போயிரு."

"இல்ல மாமா. ஒரு தடவை பண்ணிப் பாத்தேன், நல்லால்ல. எங்கம்மாகிட்ட சொல்லாமப் போக நான் என்ன ஓடிப்போறவளா?"

"அப்ப என்ன சொல்லுவ?"

அவள் என்ன சொல்லலாம் என்பது அங்கே நின்றிருந்த எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு சொல்லை அந்தச் சில்லால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் தெரியும். அதனால் மூன்று மணிப் பேருந்து வந்து நின்றபோது மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர்கள்கூடக் கத்தியை நிறுத்தினார்கள். பெல்சியா எழுந்து அம்மாவுக்கு நேராக வந்து நின்றாள். அவள் பயந்த பெண் இல்லை, ஆறு வயதில் வள்ளத்தின் அடியில் ஒரு பக்கம் முங்கி மறுபக்கம் எழுந்தவள்.

"அம்மா, போ..." என்றாள். நிறுத்தினாள். கித்தேரியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. "நான் போ..." என்றாள் மறுபடியும். பிறகு மெதுவாக, தோற்றவளைப் போல இல்லாமல், கையிலிருந்த கனத்த பாத்திரத்தை ஒருத்தி பத்திரமாகக் கீழே வைப்பதைப் போல, "வர்றேம்மா" என்றாள். ஏறினாள். பாலம் தாண்டியது. பெஞ்சுக்கு வந்தாள்.

அதற்குப்பின் அம்மாவும் மகளும் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் போனோம், காதுக்கு எட்டாத தூரத்துக்கு இல்லை.

"உங்கப்பா கையில இது இருந்திருந்தா" என்றாள் கித்தேரி.

"இருந்தாலும் வந்திருக்க மாட்டாரும்மா."

"என்னடி சொல்ற?"

"அவர் வர்றேன்னு சொல்லலையே. சொன்னாத்தான இது வேலை செய்யும்."

ஆறு வருடத்தில் கித்தேரியிடம் அதை யாரும் சொன்னதில்லை. ஆழத்தில் மூச்சைப் பிடித்துப் பழகியவள், அன்று கரையில் பிடித்தாள். அவள் கையிலிருந்த நெடுமூச்சு மங்கி மங்கி ஒளிர்வதை நான் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் விட்டாள்.

"நீ சொல்லியிருக்கலாமே அந்த வார்த்தைய. சொன்னா நீ போயிருக்கலாம். ஏன் சொல்லல?"

"வரலம்மா. வாயில வரல." பெல்சியா முன்கையைத் துடைத்தாள். "எடுக்கிறதும் எடுக்காததும் ஒன் இஷ்டம். அஞ்சு மணிக்கும் நான் வர்றேன்னுதான் சொல்லுவேன். இங்கயேதான் வந்து உக்காருவேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. அங்க தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதுக்கு எது வேணும்னும் தெரியாது. நேத்து மூணையும் ஏன் கழத்துனேன்னு எல்லாரும் கேட்டாங்க, திமிருன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் ரொப்பிக்கிட்டுப் போனா, அங்க புதுசா ஒண்ணு கெடைச்சா அதை நான் எங்கம்மா வைப்பேன்?"

கித்தேரி தன் கையைப் பார்த்தாள். நெடுமூச்சு, மீன்கண், கல்தோல். முதல் நாள் பதித்தது, ஒரு நாளும் மாற்றாதது. எத்தனை நல்ல சில்லுகள் அவள் வலைப்பையில் வந்தன, இடமில்லை என்று அடுத்தவர்களுக்குக் கொடுத்தாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டாள். விரலில் இன்னும் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தது. மகளின் கையை மடியில் இழுத்து வைத்தாள், மீனின் செவுளைத் திறப்பதைப் போல நகத்தை நுழைத்தாள். நீலச் சில்லு சத்தமே இல்லாமல் வெளியே வந்தது.

"நல்லாச் சாப்புடு" என்றாள். "அங்க எல்லாத்திலயும் காரம் போடுவாங்களாம்."

ஐந்து மணிப் பேருந்து வந்தது. பெல்சியா எழுந்து, இழுத்து நேராக்கிய பின்னலோடு, காலியான மூன்று குழிகளோடு, "வர்றேம்மா" என்றாள், காலையில் சொன்ன அதே குரலில். கித்தேரி, "ம்" என்றாள். நடத்துநர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

பேருந்து பாலத்தைத் தாண்டியது. நாங்கள் எல்லாரும், வேண்டுமென்று இல்லாமல், பெஞ்சைத் திரும்பிப் பார்த்தோம். அது சும்மா கிடந்தது. சிமெண்டில் ஒரு வியர்வைத் தடம் இருந்தது, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. உட்காரப் போன லெப்பையைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் கித்தேரி அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே நின்றாள். அதுவும் போன பிறகு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். திங்கட்கிழமை பத்தரைக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது, சேர்ந்துவிட்டாளாம். கித்தேரியைக் கூப்பிடுவதற்குள் அவளே சுவரேறி வந்துவிட்டாள்.

அந்த ஐப்பசி மழையில் சில்லுகள் ஒவ்வொன்றாக வெளுத்து வெறும் கிளிஞ்சல்களாயின. கைகளில் இருந்த குழிகள் குழந்தைகளுக்கு முதலிலும் பெரியவர்களுக்குப் பின்னாலுமாகத் தூர்ந்துவிட்டன. எங்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. மணிக்கூண்டுக்கு ஏணி வாங்கினோம், ஸ்தேவான் டம்ளர் எடுக்க நடந்தார், பெண்கள் பழைய மூச்சுக்கே திரும்பினார்கள், பாசி என்னவோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நீலச் சில்லைக் கித்தேரி என்ன செய்தாள் என்று ரெஜினாள் ஒருமுறை கேட்டாள். ஆழத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் பாசியைத் திருப்பிப் போட்டாள்.

பெல்சியா முதல் வருடம் இரண்டு முறை வந்தாள், அடுத்த வருடம் ஒரு முறை. மூன்றாம் வருடம் கித்தேரி வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இப்போது விசாகப்பட்டினத்தில் மகளோடு இருக்கிறாள். தெலுங்கு நன்றாகப் பேசுவாள்.